குழந்தை பிறந்த பின் இரண்டு மணி நேரம்: அந்தமான் தீவுகளில் உதிரப்போக்கும் தில்லியின் பொறுப்பும்

புதுதில்லி: குழந்தை பிறந்துவிட்டது. அழுகுரல் கேட்டுவிட்டது. தாயும் சேயும் நலம் என்று வெளியே காத்திருப்போருக்குச் செய்தியும் போய்விட்டது. மகப்பேற்றில் உயிரிழக்கும் பெண்களில் பெரும் பகுதியினரின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2001-03 ஆண்டுகளுக்காக நடத்திய சிறப்புக் கணக்கெடுப்பில், மகப்பேறு தொடர்பான மரணங்களில் 38 சதவீதம் உதிரப்போக்கினால் நேர்ந்தவை எனத் தெரியவந்தது. உலக அளவில் இந்தப் பங்கு ஏறத்தாழ 27 சதவீதம். அதாவது, மற்ற நாடுகள் ஓரளவு கட்டுப்படுத்திய ஒரு காரணம் இந்தியாவில் அப்போது கட்டுக்கடங்காமல் இருந்தது.

அதன்பின் நிலைமை வெகுவாக மாறியுள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 300-ஐத் தாண்டியிருந்த தாய் இறப்பு விகிதம் 2018-20இல் 97 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் கேரளத்தில் 19, தமிழகத்தில் 54, அசாமில் 195. இந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தாலும் கீழிருந்து மேலாகப் படித்தாலும் ஒரு பெயரைக் காண முடியாது: அந்தமான்-நிக்கோபார். மாதிரிப் பதிவுத் திட்டத்தின் தாய் இறப்பு அட்டவணை பெரிய மாநிலங்களை மட்டுமே தனித்தனியாகக் காட்டும். யூனியன் பிரதேசங்கள் "பிற மாநிலங்கள்" என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி 3.80 லட்சம் மக்களே வாழும் தீவுகளில் ஆண்டுக்கு ஓரிரு மரணங்கள் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் தாறுமாறாக ஏறி இறங்கும். எனவே புள்ளிவிவர நோக்கில் இதைக் குறை கூற இயலாது. ஆனால் அட்டவணையில் இடம்பெறாத ஒன்று விவாதத்திலும் இடம்பெறுவதில்லை என்பது தில்லியின் பழைய வழக்கம்.

மரைன் ஹில்லில் இருந்து பார்த்தால்

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், கடலை நோக்கி நிற்கும் மேட்டுப் பகுதி மரைன் ஹில். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த விடுதி இங்குதான் உள்ளது. தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்கள் புறப்படும் பீனிக்ஸ் பே துறை இதற்கு அருகில். தலைமை மருத்துவமனையான கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை, செல்லுலர் சிறையை ஒட்டி அட்லாண்டா முனையில் உள்ளது. சிறையின் ஏழு பிரிவுகளில் மூன்றே இன்று எஞ்சி நிற்கின்றன. அந்த வளாகத்தில்தான் 1963இல் மருத்துவமனை எழுந்தது. சிறைப் பிரிவுகளை இடித்தது சரியா என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை ஒலித்ததுண்டு. அங்கு பிறந்த குழந்தைகளைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கக் கூடும். 2015இல் தொடங்கப்பட்ட அந்தமான்-நிக்கோபார் மருத்துவ அறிவியல் கழகத்தின் போதனா மருத்துவமனையும் இதுவே.

மரைன் ஹில்லில் வசிக்கும் கர்ப்பிணிக்கு இந்த மருத்துவமனை சில நிமிடத் தொலைவு. ரத்த வங்கி, அறுவை அரங்கு, மயக்க மருந்து நிபுணர், மகப்பேறு நிபுணர் அனைத்தும் ஒரே இடத்தில். கார் நிக்கோபாரில் வசிப்பவருக்கு அதே மருத்துவமனை கடலுக்கு அப்பால் ஏறத்தாழ 270 கிலோ மீட்டர். பெரிய நிக்கோபாரின் கேம்பல் பே 500 கிலோ மீட்டருக்கும் அதிகம். வடக்கே திக்லிபூருக்குச் சாலை உண்டு. அது 300 கிலோ மீட்டருக்கு மேற்பட்டது, ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தை ஊடுருவிச் செல்வது. அங்கு வாகனங்கள் குறித்த நேரங்களில் அணியாகவே அனுப்பப்படுகின்றன. நிக்கோபார் மாவட்டத்துக்கு பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனை, மாயாபந்தரில் டாக்டர் ராஜேந்திர பிரசாத் மருத்துவமனை, ரங்கத், திக்லிபூர், நன்கௌரி போன்ற இடங்களில் சமுதாய நல மையங்கள் என ஓர் அமைப்பு இருக்கிறது. நோயின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்குமா என்பதே கேள்வி.

அந்த வேகத்தை மருத்துவப் பாடநூல்கள் ஒரு கணக்காகச் சொல்கின்றன. சிகிச்சையே கிடைக்காத நிலையில், மகப்பேற்றுத் தொற்று ஒரு பெண்ணின் உயிரைப் பறிக்கச் சராசரியாக ஆறு நாள்கள் எடுத்துக்கொள்ளும். தடைப்பட்ட பிரசவம் மூன்று நாள்கள். வலிப்பு நோய் இரண்டு நாள்கள். பேற்றுக்கு முந்தைய உதிரப்போக்கு 12 மணி நேரம். பேற்றுக்குப் பிந்தைய உதிரப்போக்குக்குத் தேவைப்படுவது இரண்டு மணி நேரம்.

ஹெலிகாப்டர் தயாராக நின்றாலும், வானிலை இடம் கொடுத்தாலும், கார் நிக்கோபாரிலிருந்து பறக்க மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். தகவல் போய், ஒப்புதல் வந்து, தளத்துக்கு நோயாளியைக் கொண்டுசென்று ஏற்றும் நேரம் தனி. இரவும் மழைக்காலமும் இதற்கு மேல். ஆகவே ஹெலிகாப்டரைப் பற்றி மட்டுமே பேசும் எந்தத் திட்டமும் இந்த ஒரு நோயைப் பொருத்தவரை பாதித் திட்டம்தான்.

கருப்பைக்குள் நடப்பது

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் பாய்கிறது. குழந்தை வெளிவந்து நஞ்சு பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ரத்தக் குழாய்களின் வாய் திறந்து நிற்கும். இந்த வாய்களை அடைப்பது ரத்தம் உறைவது மட்டுமல்ல. கருப்பையின் தசை நார்கள் ஒன்றையொன்று குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அமைந்தவை. அவை சுருங்கும்போது இடையே ஓடும் குழாய்கள் சுருக்குக் கயிற்றில் சிக்கியதைப் போல நெரிபடுகின்றன. பேற்றுக்குப் பின் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தால் கருப்பை கிரிக்கெட் பந்தைப் போலக் கெட்டியாக இருக்க வேண்டும் என்று செவிலியருக்குக் கற்பிக்கப்படுவது இதனால்தான். தொட்டால் தளர்ந்து தொளதொளவென்று இருந்தால் குழாய்கள் திறந்தே இருக்கின்றன என்று பொருள்.

பத்து உதிரப்போக்குகளில் ஏறத்தாழ ஏழு இவ்விதத் தளர்ச்சியால் வருபவை. நஞ்சின் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிடுவது, பேற்றுப் பாதையில் கிழிசல், ரத்தம் உறையும் தன்மை குறைவது ஆகியவை மற்ற காரணங்கள். இரட்டைக் குழந்தை, பெரிய குழந்தை, நீண்ட பிரசவ வலி, முந்தைய பேற்றில் உதிரப்போக்கு, முந்தைய சிசேரியன் இருந்தால் ஆபத்து அதிகம். ஆனால் உதிரப்போக்குக்கு ஆளாகும் பெண்களில் பெரும்பாலோருக்கு இத்தகைய முன்னறிகுறி எதுவுமே இருப்பதில்லை. "ஆபத்தான கர்ப்பிணிகளைப் பிரித்துத் தலைநகருக்கு அனுப்பிவிடுகிறோம்" என்ற நிர்வாகத் தத்துவம் இங்குதான் ஓட்டை விழுகிறது. ஆபத்தற்றவர் என்று தீவிலேயே நிறுத்தப்பட்டவர்களுக்கும் இது வரும்.

ரத்தசோகை இன்னொரு கணக்கு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள். நல்ல உடல்நிலையில் உள்ள பெண் தாங்கிக்கொள்ளும் ஒரு லிட்டர் இழப்பு, 45 கிலோ எடையும் குறைந்த ஹீமோகுளோபினும் கொண்ட பெண்ணை அதிர்ச்சி நிலைக்குத் தள்ளிவிடும். 1631இல் புர்ஹான்பூரில் பதினான்காவது குழந்தையைப் பெற்றெடுத்து இறந்த மும்தாஜ் மகாலின் மரணத்துக்கும் உதிரப்போக்கே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. பேரரசின் மருத்துவர்கள் அனைவரும் அருகிலிருந்தும் செய்ய முடியாததை இன்று துணை சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் ஓர் ஊசியால் செய்ய முடியும். ஊசி குளிர்ச்சி குறையாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

கண்ணளவு பொய்க்கிறது

உதிரப்போக்கு என்றால் எவ்வளவு? சுகப்பிரசவத்தில் 500 மில்லி லிட்டருக்கு மேல் என்பது பல்லாண்டுக் கால வரையறை. இதை அளப்பது எப்படி என்று கேட்டால், பெரும்பாலான பிரசவ அறைகளில் பதில் ஒன்றுதான்: பார்த்துச் சொல்வது. துணியில் ஊறியது, கட்டிலுக்கடியில் வழிந்தது, பனிக்குட நீருடன் கலந்தது எல்லாவற்றையும் கண்ணால் மதிப்பிட்டு "வழக்கமான அளவுதான்" என்று எழுதிவிடுவார்கள். இந்தக் கண்ணளவு எவ்வளவு பொய் சொல்கிறது என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் ஒன்று கர்நாடகத்தின் பெல்காமில் (தற்போது பெலகாவி) நடந்தது. தாயின் கீழ் விரிக்கப்படும் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் அடியில் அளவுக் கோடுகள் இட்ட ஒரு பை. இதில் அளந்ததைவிடக் கண்ணளவு 33 சதவீதம் குறைவாகக் காட்டியது. 2006இல் இந்த முடிவு வெளியானது.

அதே ஆண்டில் அதே பகுதியிலிருந்து மற்றொரு முடிவும் வந்தது. பெல்காம் மாவட்டக் கிராமங்களில் மருத்துவர் இல்லாத இடங்களில் பேறு பார்த்த துணைச் செவிலியர்கள், 1,620 பெண்களில் ஒரு பாதியினருக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரையை வாய்வழியே கொடுத்தனர். மாத்திரை பெறாதவர்களில் 12 சதவீதத்தினருக்கு வந்த உதிரப்போக்கு, பெற்றவர்களில் 6.4 சதவீதத்தினருக்கே வந்தது. ஊசி வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம். 'லான்செட்' இதழ் வெளியிட்ட இந்த ஆய்வை உலக நாடுகள் மேற்கோள் காட்டின. மாத்திரையைக் கிராம அளவில் முன்கூட்டியே வழங்க மத்திய சுகாதார அமைச்சகம் செயல்முறை வழிகாட்டி வெளியிட 2013 ஆயிற்று.

விரிப்பின் கதை இன்னும் நீண்ட பயணம். 2023இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 78 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடத்தப்பட்ட 'இ-மோட்டிவ்' ஆய்வின் முடிவு வெளியானது. அளவிட்ட விரிப்பு ஒன்று. அதில் கோட்டைத் தாண்டியதும் கருப்பையை அழுத்தித் தேய்த்தல், கருப்பையைச் சுருக்கும் மருந்து, டிரானெக்ஸமிக் அமிலம், நரம்புவழி நீர்மம், காரணத்தைத் தேடிப் பரிசோதித்தல் ஆகிய ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரச் செய்தல். கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக வீழ்ந்தன. இதில் புதிய மருந்து எதுவுமில்லை. எல்லாம் ஏற்கெனவே அலமாரியில் இருந்தவை. பழைய முறையில் உதிரப்போக்குகளில் பாதி கண்டுபிடிக்கப்படவே இல்லை என்பதுதான் அதிர்ச்சி தரும் செய்தி. விரிப்பு வந்தபின் 93 சதவீதம் கண்டறியப்பட்டது.

இதையடுத்து 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் மகப்பேறு மருத்துவர்கள், செவிலியரின் சர்வதேசக் கூட்டமைப்புகளும் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டி, 500 மில்லி லிட்டர் வரை காத்திருக்க வேண்டாம் என்று கூறிவிட்டது. 300 மில்லி லிட்டர் இழப்புடன் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டுவது, ரத்த அழுத்தம் இறங்குவது போன்ற அறிகுறி ஒன்று தென்பட்டாலே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். கடல் கடந்து அனுப்ப வேண்டிய இடங்களுக்கு இந்த 200 மில்லி லிட்டர் வித்தியாசத்தின் மதிப்பு தில்லியில் இருப்போருக்கு எளிதில் விளங்காது.

ஓர் ஊசியின் அரசியல்

கருப்பையைச் சுருக்கும் மருந்துகளில் முதன்மையானது ஆக்ஸிடோசின். இதைச் செயற்கையாகத் தயாரித்தது உள்ளிட்ட ஆய்வுகளுக்காக வின்சென்ட் டு வின்யோ 1955இல் நோபல் பரிசு பெற்றார். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் ஓர் ஊசி. விலை மிகக் குறைவு. ஆனால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். கப்பலிலும் படகிலும் மாறி மாறிப் போகும் பெட்டியில், மின்சாரம் விட்டு விட்டு வரும் தீவில், இந்தக் குளிர்ச் சங்கிலி அறுந்தால் ஊசியில் இருப்பது வெறும் தண்ணீருக்குச் சமம். போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

இந்த மருந்தைத் தில்லி 2018இல் கையாண்ட விதம் தனி அத்தியாயம். கறவை மாடுகளுக்கு ஆக்ஸிடோசின் முறைகேடாகப் போடப்படுகிறது என்ற புகார் நெடுநாளாக உண்டு. அதைத் தடுப்பதாகக் கூறி, 2018 ஏப்ரல் 27 தேதியிட்ட அறிவிக்கை மூலம், உள்நாட்டுத் தேவைக்கான உற்பத்தியைத் தனியார் நிறுவனங்கள் செய்யக் கூடாது, பொதுத்துறை மட்டுமே செய்யலாம் என மத்திய அரசு தடை விதித்தது. நடைமுறையில் அதன் பொருள் கர்நாடகா ஆண்டிபயாடிக்ஸ் அண்ட் பார்மசூட்டிகல்ஸ் என்ற ஒரே நிறுவனம். 25 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் உள்ள நாட்டில், ஒவ்வொரு பேற்றுக்கும் தேவையான மருந்து ஒரே ஆலையை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. அந்த ஆலையில் ஓர் இயந்திரம் பழுதானால் என்ன ஆகும் என்ற எளிய கேள்விக்குக் கோப்புகளில் பதில் இல்லை.

அகில இந்திய மருந்து நடவடிக்கைக் கூட்டமைப்பும் உற்பத்தியாளர்களும் வழக்குத் தொடர்ந்தனர். தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், ஏ.கே. சாவ்லா அமர்வு 2018 டிசம்பர் 14 அன்று அறிவிக்கையை ரத்து செய்தது. தடைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, தன்னிச்சையானது, தாய்மார்களுக்கு ஏற்படும் பாதிப்பு கருதிப் பார்க்கப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் விவகாரத்தைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. மாடுகளின் மீதான கருணை பாராட்டுக்குரியது. அதே அக்கறையுடன் பிரசவ அறைகளையும் அமைச்சகம் அறிவிக்கைக்கு முன்னர் ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

வெப்பத்தைத் தாங்கும் மாற்று மருந்தும் இப்போது உண்டு. கார்பெடோசின் என்ற மருந்தின் வெப்பம் தாங்கும் வடிவத்தை இந்தியா உள்பட 10 நாடுகளில் ஏறத்தாழ 30 ஆயிரம் பெண்களிடம் சோதித்து, ஆக்ஸிடோசினுக்கு இணையானது என்று 2018இல் அறிவித்தனர். 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது சேர்ந்தது. தீவுகளுக்கென்றே செய்தது போன்ற மருந்து இது.

டிரானெக்ஸமிக் அமிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானைச் சேர்ந்த உதாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1960களில் கண்டுபிடித்தது. உதிரப்போக்கால் இறக்கும் தாய்மார்களைக் காப்பதே உதாகோவின் எண்ணம். உள்ளூர் மருத்துவர்கள் சோதித்துப் பார்க்க முன்வரவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த 'உமன்' ஆய்வின் முடிவு 2017 ஏப்ரலில் வெளியானது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்த இழப்பு மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தவிர்க்கப்படும் என்பது உறுதியானது. உதாகோ அதற்கு முந்தைய ஆண்டில் 98 வயதில் காலமாகிவிட்டார்.

ரத்தம் எங்கிருந்து வரும்?

ஊசியும் மாத்திரையும் கேட்காத ஒரு சிலருக்குக் கருப்பைக்குள் பலூன் வைத்து அழுத்த வேண்டும். விலையுயர்ந்த பலூனுக்குப் பதிலாக ஆணுறையையும் ரப்பர் குழாயையும் உப்புநீரையும் கொண்டு இதைச் செய்ய முடியும் என்று காட்டியவர் டாக்கா மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சயீபா அக்தர். 2003இல் வெளியான அந்த முறை இன்று பல ஏழை நாடுகளில் பயன்படுகிறது. இது நேரத்தை வாங்கித் தரும். இழந்த ரத்தத்தை ஈடு செய்யாது.

இங்குதான் தீவுகளின் சிக்கல் இறுகுகிறது. சட்டப்படி ரத்தம் சேகரிக்க உரிமம் பெற்ற ரத்த வங்கி வேண்டும். எல்லா இடத்திலும் அது இயலாது என்பதை உணர்ந்து, 2001 டிசம்பரில் மருந்து விதிகள் திருத்தப்பட்டன. சமுதாய நல மையங்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உரிமம் இன்றியே, ரத்த வங்கியிலிருந்து பெற்ற ரத்தத்தைச் சேமித்து வைத்து வழங்கலாம் என்ற வழி பிறந்தது. ஆனால் ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் சில வாரங்களே. மாதத்துக்கு ஓரிருவருக்கே தேவைப்படும் தீவில், கப்பலில் வந்த பைகளில் பல வீணாகும். அரிய வகை ரத்தம் என்றால் கேட்கவே வேண்டாம்.

கிராமப்புற அறுவை மருத்துவர்கள் நெடுநாளாக வேறொன்றைக் கேட்டு வருகிறார்கள். அவசரத்தில், உறவினர் அல்லது அண்டை வீட்டாரின் ரத்தத்தை அங்கேயே பரிசோதித்து நேரடியாகச் செலுத்த அனுமதிக்க வேண்டும் என்பது அந்தக் கோரிக்கை. எச்.ஐ.வி. போன்ற தொற்று அச்சத்தால் அரசு தயங்குகிறது. தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆயினும் எல்லைப் பகுதிகளிலும் முனைப் பகுதிகளிலும் உள்ள ராணுவ மருத்துவ மையங்களுக்கு மருந்து விதிகளின் 'கே' அட்டவணை ஏற்கெனவே விலக்கு அளித்துள்ளது. முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் 2001 முதல் இயங்கும் தீவுகளில், சிப்பாய்க்கு உள்ள விலக்கு அதே தீவின் தாய்க்கு ஏன் பொருந்தக் கூடாது என்று கேட்பது தவறாகாது.

யார் பதில் சொல்வது?

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தமிழகத்தில் ஒரு தாய் இறந்தால் சென்னையில் சட்டப் பேரவையில் கேள்வி எழுப்பலாம். புதுச்சேரிக்கும் பேரவை உண்டு. அந்தமான்-நிக்கோபாருக்குச் சட்டப் பேரவை இல்லை. துணைநிலை ஆளுநர் வழியாக மத்திய உள்துறை அமைச்சகம் ஆள்கிறது. மாநிலங்களவையில் உறுப்பினர் இல்லை. மக்களவையில் ஒரே ஒருவர். தலைமை மருத்துவமனைக்குப் பெயர் கொடுத்த கோவிந்த் வல்லப பந்த் உள்துறை அமைச்சராக இருந்தவர் என்பதும், நிக்கோபார் மாவட்ட மருத்துவமனைக்குப் பெயர் கொடுத்த பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் முதல் மக்களவையில் தீவுகளுக்காக நியமிக்கப்பட்ட உறுப்பினர் என்பதும் கவனிக்கத்தக்கவை. நேரடித் தேர்தல் 1967இல்தான் வந்தது.

எனவே கட்சால் தீவில் ஒரு பிரசவ அறையில் குளிர்பெட்டி வேலை செய்யவில்லை என்றால், அதற்குப் பதில் சொல்லும் அவை நாடாளுமன்றம் ஒன்றே. கட்சாலைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்டத் தொழிலாளர்களாகக் குடியமர்த்தப்பட்ட தீவு அது. 2004 சுனாமியில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 2011 கணக்கின்படி தீவுகளின் மக்கள்தொகையில் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

உள்துறை தொடர்பான நாடாளுமன்ற நிலைக்குழு ஆண்டுதோறும் யூனியன் பிரதேசங்களின் மானியக் கோரிக்கைகளை ஆய்வு செய்கிறது. சாலை, கப்பல், துறைமுகம் பற்றிய கேள்விகளுக்கிடையே கேட்கப்பட வேண்டியவை சில உண்டு. எத்தனை பிரசவ அறைகளில் அளவிட்ட விரிப்பு உள்ளது? வெப்பம் தாங்கும் மருந்து எங்கெல்லாம் இருப்பில் உள்ளது? ஒவ்வொரு மரணமும், மரணத்தின் விளிம்பிலிருந்து மீண்ட ஒவ்வொரு நிகழ்வும் தணிக்கை செய்யப்படுகிறதா?

கடைசிக் கேள்விக்கு முன்மாதிரி தென்னகத்திலேயே உண்டு. தமிழகம் 1990களிலேயே ஒவ்வொரு தாய் மரணத்தையும் தணிக்கை செய்யத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை நியமித்து 24 மணி நேரப் பேறு வசதியைக் கொண்டுவந்தது. 2004 முதல் ஒருங்கிணைந்த அவசர மகப்பேறு மையங்களை உருவாக்கியது. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004இல் டாக்டர் வி.பி. பைலி முன்னின்று நடத்த, யார் குற்றவாளி என்று தேடாத ரகசிய ஆய்வைத் தொடங்கியது. பெயர் வெளிவராது என்ற உறுதி கிடைத்ததும் மருத்துவர்கள் உண்மையை எழுதினர். உதிரப்போக்குதான் முதல் எதிரி என்பது அந்தக் கோப்புகளிலிருந்தே தெரியவந்தது. தமிழகத்தின் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள பேறுகாலக் காத்திருப்பு அறைகளும் தீவுகளுக்குப் பொருந்துபவை: நிறைமாதம் நெருங்கியதும் கர்ப்பிணியையும் துணைக்கு ஒருவரையும் வரவழைத்து, உணவும் தங்குமிடமும் தந்து, மருத்துவமனையின் அருகிலேயே வைத்துக்கொள்வது. இதில் பெண்ணின் விருப்பமும், வீட்டில் விட்டுவரும் பிள்ளைகளின் பாடும் அடங்கியிருப்பதை அதிகாரிகள் மறந்துவிடக் கூடாது. ஊதிய இழப்பை ஈடு செய்யாத காத்திருப்பு அறை காலியாகத்தான் கிடக்கும்.

இது கருணையல்ல, உரிமை என்று நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 2010 ஜனவரியில் தில்லியை ஒட்டிய பகுதியில் ஓர் ஏழைப் பெண் வீட்டிலேயே குறைமாதக் குழந்தையைப் பெற்று, நஞ்சு வெளிவராமல் உதிரப்போக்கால் இறந்தார். இந்த வழக்கையும் இதையொத்த மற்றொன்றையும் விசாரித்த தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். முரளிதர், 2010 ஜூன் 4 தீர்ப்பில், தாய்-சேய் நலத் திட்டங்களின் பயன்களைப் பெறுவது வாழ்வுரிமையின் பகுதி, அரசு அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்றார். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் தலைநகரின் பெரிய மருத்துவமனைகளுக்கும் இடையே கடல் இல்லை.

கப்பலில் வீடு திரும்புவோர்

இன்னொரு கட்டம் இருக்கிறது. உதிரப்போக்கு முதல் 24 மணி நேரத்தோடு முடிந்துவிடுவதில்லை. உள்ளே தங்கிய நஞ்சுத் துண்டு, கருப்பைத் தொற்று ஆகியவற்றால் அதன்பின் வாரக்கணக்கிலும் வரலாம். இரண்டாம் வாரத்தில் வருவதே அதிகம். மரைன் ஹில்லுக்குக் கீழே பீனிக்ஸ் பே துறையில் கைக்குழந்தையுடன் கப்பலேறி வெளித் தீவுக்குத் திரும்பும் பெண், அந்த ஆபத்துக் காலத்தில்தான் மருத்துவமனையை விட்டு விலகிச் செல்கிறார்.

பேற்றுக்குப் பின் ரத்தம் போவது இயல்பு. நாளடைவில் குறைந்து நிறம் மங்கும். குறைந்தது மீண்டும் சிவப்பாகப் பெருகினாலோ, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக வந்தாலோ, துர்நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தாலோ, எழுந்து நின்றால் கண் இருண்டு நெஞ்சு படபடத்தாலோ காத்திருக்கக் கூடாது. "பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் இந்த நேரத்தில் ஆபத்தானது. இத்தனையும் ஒரு தாளில், தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் தெலுங்கிலும் நிக்கோபாரியிலும் அச்சிட்டு, வீடு அனுப்பும் சீட்டுடன் கொடுக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடம் வந்து சேர்ந்தபின், ஏழாம் நாளிலும் பதினான்காம் நாளிலும் அந்தத் தாயைத் தொலைபேசியில் அழைத்து நான்கு கேள்வி கேட்பதற்கும் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. அழைக்க ஒரு செவிலியரையும், பதில் கவலை தருவதாக இருந்தால் அடுத்த கப்பலில் இடம் ஒதுக்க ஓர் அதிகாரியையும் பெயர் குறித்து நியமிக்கும் ஆணை மட்டுமே தேவை. அந்த ஆணையில் கையெழுத்திட வேண்டிய மேசை தில்லியின் நார்த் பிளாக்கிலிருந்து வேறு கட்டடத்துக்கு மாறியிருக்கலாம், பொறுப்பு மாறவில்லை.